‘வானொலி புகழ்’ என்னும் இரண்டு சொற்கள்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

திருவிழாத் துண்டறிக்கைகளை முழுவதும் படிக்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? மாரியம்மன் படத்துக்குக் கீழே ஊர்க்கவுண்டர், தர்மகர்த்தா, விழாக் குழுவினர் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றையெல்லாம் கடந்து, ‘இரவு சரியாக 10 மணிக்கு’ என்று தொடங்கும் வரிக்கு வாருங்கள். அங்கே கலைஞரின் பெயருக்கு முன்னால் இரண்டு சொற்கள் அச்சிடப்பட்டிருக்கும்: ‘வானொலி புகழ்’. சில அறிக்கைகளில் ‘ரேடியோ, டி.வி. புகழ்’ என்று சற்று நீண்டிருக்கும். மருத்துவருக்குப் பெயரின் பின்னால் பட்டம் வருவதுபோல, நம் பக்கத்துக் கலைஞர்களுக்குப் பெயரின் முன்னால் வரும் பட்டம் இது. இந்தப் பட்டம் எங்கிருந்து வருகிறது, அதை வழங்கும் உரிமை யாருக்கு உண்டு, நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அந்த உரிமை உண்டா என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

என் தாத்தா பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். தெருக்கூத்தில் பின்பாட்டுப் பாடியவர். 1980களின் தொடக்கத்தில் அவருடைய குழுவினர் திருச்சி வானொலி நிலையத்துக்குச் சென்று பாடி வந்தனர். ஒலிபரப்பான நேரம் பதினைந்தே நிமிடம். ஒலிபரப்பாகும் நாளை அறிவித்து ஓர் அஞ்சலட்டை வந்ததாம். அன்று மாலை ஊராட்சி வானொலிப் பெட்டியின் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது என்று அப்பா இன்றும் சொல்வார். அப்போது அவர் பாலகன். அறிவிப்பாளர் தாத்தாவின் பெயரைச் சொன்னபோது பாட்டி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாராம். ஏன் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பதினைந்து நிமிடத்தின் பயன் இருபது ஆண்டுகள் நின்றது. அதற்கு முன்பு, ஓர் இரவுக் கூத்துக்கு ஊரார் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு நெல்லோ கேழ்வரகோ பெற்றுத் திரும்பியவர்கள், அதன் பிறகு தாங்களே தொகை சொல்லத் தொடங்கினார்கள். முன்பணம் வாங்கினார்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் மஞ்சள், இளஞ்சிவப்புத் தாள்களில் அச்சடித்த பழைய துண்டறிக்கைகள் இன்றும் உள்ளன. ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் அந்த இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்த வானொலி நிலைய ஒப்பந்தப் படிவத்தைச் சென்ற ஆண்டு நான்தான் முதன்முதலாகப் படித்துப் பொருள் சொன்னேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. “இவ்வளவுதானா எழுதியிருக்குது?” என்று தாத்தா கேட்டார். அதில் ஏதோ பாராட்டு இருப்பதாக இத்தனை காலமும் நினைத்திருந்தார் போலும்.

தாத்தாவின் குரல் திருச்சிக்குப் போவதற்கு முன்பும் அதே குரல்தான். வந்த பின்பும் அதே குரல்தான். ஊராருக்கு அக்குரலைப் பல ஆண்டுகளாகத் தெரியும். அப்படியிருக்க, திடீரென்று மதிப்பு எப்படிக் கூடியது?

பெயர் தெரியாத தேர்வு

விடை, வானொலி நிலையத்தார் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகு, 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில், கலைஞர்களுக்குக் குரல் தேர்வு முறை நடைமுறைக்கு வந்தது. பாடுபவர் யார், எந்த ஊர், யாருடைய சீடர் என்று தெரியாமல் தேர்வுக் குழுவினர் பாட்டை மட்டும் கேட்டு மதிப்பிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. தேறியவர்களுக்கு ‘பி’, ‘பி-ஹை’, ‘ஏ’, ‘டாப்’ என்று தரம் வழங்கினார்கள். பெரிய வித்துவான்கள் பலர் இதை அவமதிப்பாகக் கருதி எதிர்த்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பெயர் இல்லாதவனுக்கு, பெயர் கேட்காத தேர்வைப் போன்ற நன்மை வேறு என்ன இருக்கிறது? ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வியிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும் நாட்டில், அக்கேள்வியைக் கேட்காத ஓர் அறை இருந்தது என்பதே பெரிய செய்தி.

ஊர்க்காரர்கள் இம்முறையின் விவரங்களை அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும், திருச்சியில் இருக்கும் ஒருவருக்குத் தாத்தாவிடம் கடனும் இல்லை, உறவும் இல்லை, அவரைப் புகழ்வதால் வரும்படியும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் அந்த இரண்டு சொற்களின் பொருள்.

இவ்வாறு மதிப்பை வழங்கும் கை, அதை மறுக்கவும் வல்லது. கூத்துக்காரர்களுக்கு உயிர் போன்ற ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. 1971 வரை அது உள்ளே வர இயலவில்லை. தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் பிறந்திருந்தால் பெட்டியை வெளியே வைத்துவிட்டுத்தான் பாடியிருக்க வேண்டும். கேஸ்கர் திரைப்படப் பாடல்களையும் 1952இல் அகற்றினார். நேயர்கள் என்ன செய்தார்கள்? பேசாமல் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபர் 3ஆம் நாள் ‘விவித பாரதி’ தொடங்கப்பட்டதற்கு அந்தப் படையெடுப்பே காரணம். இலங்கையிலோ, 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ.இ. மனோகரன் போன்ற இளைஞர்கள் கித்தாருடன் தமிழில் பாடிய பொப்பிசைப் பாடல்கள் புகழ் பெற்றன. நித்தி கனகரத்தினம் மாணவராக இருந்த காலத்திலேயே பாடத் தொடங்கியவர். மனோகரனின் ‘சுராங்கனி’யைத் தெரியாத கல்லூரிச் சுற்றுலாப் பேருந்து தமிழ்நாட்டில் ஓடியிருக்க முடியாது.

இனி, இன்றைய நிலைக்கு வருகிறேன். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரும் நண்பர்கள் அறுவரும் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்திருக்கிறார்கள். இரண்டு பம்பை, ஓர் உடுக்கை, கைச்சிலம்பு, இவற்றோடு தவணையில் வாங்கிய கீபோர்டு ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர்த் திருவிழாவுக்குப் பேசப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். விழாக் குழுவினர் கேட்ட முதற்கேள்வி, “எங்கெங்க பாடியிருக்கீங்க?” என்பது. இரண்டாவது கேள்வி, “ரேடியோ, டி.வி. ஏதாவது?” என்பது. அண்ணன் கைப்பேசியை எடுத்து யூடியூபில் தம் குழுவின் காணொளியைக் காட்டினார். அதை ஒன்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “இதெல்லாம் காசு குடுத்தா ஏத்தி வுடுறாங்களாமே தம்பி” என்றார். அண்ணனிடம் பதில் இல்லை. அவர் காசு கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிப்பது எப்படி? அந்த ஆண்டு மேடை வெளியூர்க் குழு ஒன்றுக்குப் போயிற்று. அண்ணன் குழுவினர் சாமி ஊர்வலத்தின் பின்னால் நடந்து அடித்துவிட்டு, சாப்பாடும் சொற்பத் தொகையும் பெற்று வந்தார்கள்.

அன்றிரவு திரும்பும்போது எனக்கு ஒன்று விளங்கியது. ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள் என்பது ஓர் எண். ‘இதைக் கேளுங்கள்’ என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வது ஒரு சாட்சி. எண்ணை நம்பாத ஊர் சாட்சியை நம்புகிறது. தாத்தாவுக்குச் சாட்சி கிடைத்தது. அண்ணனுக்கு எண்தான் கிடைத்தது.

பத்து வாட் சாட்சிகள்

நம்மூர் இன்னிசைக் குழுக்களைப் போலவே அமெரிக்காவில் சிறு நகரங்களில் இசைக்குழு தொடங்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்குச் சாட்சி சொன்னவை பெரும்பாலும் கல்லூரி வானொலிகள்தாம். இதைப் பற்றி நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடிப் படித்தபோது, அந்தக் கதை எனக்கு மிகவும் அறிமுகமானதாகத் தோன்றியது.

கதை ஒரு கல்லூரி விடுதியில் தொடங்குகிறது. 1936இல் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், அறைக்கு அறை கம்பி இழுத்து ஒரு சிறு ஒலிபரப்பு முறையை அமைத்தனர். கட்டடத்தின் கம்பிகளைத் தாண்டி அது வெளியே போகாது. மற்றக் கல்லூரிகளிலும் இது பரவியது. பின்னர் 1948 முதல், 10 வாட் ஆற்றல் மட்டுமே கொண்ட கல்வி நிலைய எப்.எம். ஒலிபரப்பிகளுக்கு அமெரிக்க அரசு உரிமம் வழங்கியது. 10 வாட் என்பது நம் வீட்டு எல்.இ.டி. விளக்கு ஒன்று உண்ணும் மின்சாரம். அதைக் கொண்டு என்ன சாதித்துவிட முடியும் என்று யாரும் நினைப்பார்கள்.

அதே காலத்தில் பெரிய வணிக வானொலிகளில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் அறிவிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போடச் செய்தன. 1959இல் இது வெட்டவெளிச்சமாயிற்று. ஆலன் ஃபிரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் வேலை இழந்தார். 1960இல் சட்டமே திருத்தப்பட்டது. பாடல் நன்றாக இருப்பதால் ஒலிக்கிறதா, பணம் வாங்கியதால் ஒலிக்கிறதா என்று நேயருக்கு ஐயம் பிறந்துவிட்டால், அந்த ஒலிபரப்பின் சாட்சி செல்லாது. “காசு குடுத்தா ஏத்தி வுடுறாங்களாமே” என்ற நம்மூர்ப் பெரியவரின் ஐயமும் இதே ஐயந்தான்.

கல்லூரி வானொலியிலோ விளம்பரம் இல்லை. அறிவிப்பாளருக்குச் சம்பளம் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு மாணவர் கண்விழித்து ஒரு தட்டைப் போடுகிறார் என்றால் அவருக்கு அது பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. ஒலி எட்டும் தூரம் குறைவு. ஆனால் அந்தத் தூரத்துக்குள் இருப்பவர்கள் அவரை நம்பினார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக நகரில் 1980இல் ‘ஆர்.இ.எம்.’ என்ற நால்வர் குழு உருவாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் அங்கே மாணவர்கள். 1981இல் ஒரு சிறிய நிறுவனம் அவர்களுடைய முதல் தட்டை வெளியிட்டது. பெரிய வானொலிகள் திரும்பிப் பார்க்காத அந்தக் குழுவைக் கல்லூரி வானொலிகள் ஊர் ஊராக ஒலிபரப்பின. ஓர் ஊர்க் கல்லூரி வானொலியில் பாட்டு ஒலித்தால் அவ்வூரில் ஒரு சிறு கூடத்தில் நிகழ்ச்சி நடத்தலாம். பாட்டைக் கேட்டவர்களில் ஐம்பது பேராவது வருவார்கள். அந்த ஐம்பது பேரை நம்பி அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போடலாம். (நம்மூர்க் கூத்துக் குழுக்கள் ஒரு திருவிழாவில் அடுத்த திருவிழாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்குவதும் இதுதானே!) 1978இல் தொடங்கப்பட்ட ‘சி.எம்.ஜே.’ என்ற இதழ், எந்தெந்தக் கல்லூரி வானொலியில் எந்தப் பாடல்கள் ஒலிக்கின்றன என்று திரட்டி வெளியிட்டது. தனித்தனிச் சாட்சிகள் ஒன்றுசேர்ந்து ஒரு குரலாயின. 1983இல் வந்த ‘மர்மர்’ என்ற அவர்களது முதல் முழு இசைத்தொகுப்பை ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் விமரிசகர்கள் அவ்வாண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தார்கள். அது மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ உலகை ஆட்டிப் படைத்த ஆண்டு. அக்குழு விற்பனையில் முதலிடத்தை எட்டியது 1991இல்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளும் அதைத் தாங்கி நின்ற தூண்களில் முதன்மையானவை கல்லூரி வானொலிகளே எனின் மிகையாகாது.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கே.சி.எம்.யு. நிலையம் 1972இல் 10 வாட்டில் தொடங்கியது. 1988இல் ‘நிர்வாணா’ என்ற குழுவின் முதல் தட்டு ஆயிரம் படிகள் மட்டும் அச்சாயிற்று. அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தட்டை அந்நிலையத்தில் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காரில் ஊர் திரும்பும் வழியெல்லாம் வானொலியைக் கேட்டுக்கொண்டே வந்தார். பாட்டு வரவில்லை. நிலையத்தின் எல்லையைத் தாண்டிவிட்டால் ஒலி மறைந்துவிடும். பொறுக்க மாட்டாமல் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, காசு போட்டுப் பேசும் தொலைபேசியில், யாரோ ஒரு நேயரைப்போலத் தம் பாட்டைத் தாமே விரும்பிக் கேட்டார். சற்று நேரத்தில் பாட்டு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1991இல், அவருடைய குழு உலகெங்கும் அறியப்பட்டது. ஆனாலும் அந்தப் பெட்ரோல் நிலையத்தில் நின்ற இளைஞருக்கும் ஊராட்சி வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்த என் தாத்தாவுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்வதற்கில்லை. அந்த நிலையத்தில் நிகழ்ச்சி நடத்திய இருவரே நிர்வாணாவின் தட்டை வெளியிட்ட ‘சப் பாப்’ நிறுவனத்தையும் நடத்தினார்கள். தேர்ந்தெடுப்பவரே விற்பவராகவும் இருந்தால் சாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கல்லூரி வானொலியின் சொல்லுக்கு மதிப்புண்டு என்று கண்டதும் பெரிய நிறுவனங்கள் அங்கும் ஆள் அனுப்பின. பணமுடை வந்தபோது சில பல்கலைக்கழகங்கள் நிலையங்களையே விற்றன, சான்பிரான்சிஸ்கோவின் கே.யு.எஸ்.எப்., ஹூஸ்டனின் கே.டி.ஆர்.யு. ஆகியவை 2011இல் அவ்வாறு தம் அலைவரிசையை இழந்தன. கே.சி.எம்.யு. 2001இல் கே.இ.எக்ஸ்.பி. என்று பெயர் மாறி இன்றும் ஒலிக்கிறது.

நம் நாட்டில் இந்த வாய்ப்பு மிகத் தாமதமாக வந்தது. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி நிலையங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று 2002 டிசம்பரில் அரசு இசைந்தது. அந்த வாயிலில் முதலில் நுழைந்தது நம் தமிழ்நாடுதான் என்பது பெருமைக்குரியது. 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எப்.எம்.’ 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி அது. (அதே மாதத்தில்தான் கிருஷ்ணகிரி நம் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்றது.) 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு சிறு கணக்கு. 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர். இத்தகைய அலைகள், இலங்கை வானொலியைக் கொண்டுவந்த சிற்றலைகளைப்போல வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதில்லை; ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கின்றன. சமுதாய வானொலியின் கோபுரம் 30 மீட்டருக்கு மிகாமலும் அலைபரப்பும் ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அடிவானம் வரையுள்ள தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 மீட்டருக்கு அது ஏறத்தாழ 22.6. நடைமுறையில் தெளிவாகக் கேட்பது பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். குன்று குறுக்கிட்டால் அதன் நிழலில் ஒன்றும் கேட்காது. தருமபுரியில் ஒரு கோபுரம் நட்டால் வத்தல்மலையின் மறுபுறத்துக்காரர்கள் நம்மை மன்னிக்க வேண்டியிருக்கும்.

பதினைந்து கிலோமீட்டர் சிறிதன்று. அதற்குள் எத்தனை பம்பைக் குழுக்கள், கூத்துக் குழுக்கள், பஜனைக் கோஷ்டிகள், பள்ளி வாசலில் கித்தார் பழகும் பையன்கள்! நம் மாவட்டத்தில் 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் தருமபுரி அகில இந்திய வானொலியும் இருக்கிறது. எனினும் ஒரே நிலையம் ஒரு மாவட்டத்தின் எல்லா இளங்குழுக்களுக்கும் வாயிலாக இருக்க முடியாது. தாத்தா போனது தேர்ச்சி பெற்ற பின்னால். தேர்ச்சிக்கு முந்திய படி ஒன்று வேண்டும். தவறிழைக்கவும் திருத்திக்கொள்ளவும் இடம் தருகிற படி. கல்லூரி வானொலி அந்தப் படியாக இருக்க வல்லது.

நம் கூம்புக் குழாய்கள்

நம் கல்லூரியில் ஒலிபரப்பி இல்லை, உரிமமும் இல்லை. ஆனால் பிரவுன் மாணவர்களுக்கும் முதலில் இல்லை. எங்கள் துறையின் பண்டக அறையில் பழுதடைந்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று கிடந்தது. இரண்டு மின்தேக்கிகளையும் ஒரு டிரான்சிஸ்டரையும் மாற்றியதும் அது வாய் திறந்தது. விளையாட்டு விழாவுக்குக் கட்டும் இரண்டு கூம்புக் குழாய்களை அதனுடன் இணைத்து, வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் இருபது நிமிடம் மாணவர்களின் ஊர் இசையை ஒலிக்கச் செய்ய முதல்வர் அவர்களிடம் அனுமதி பெற்றோம். அவர் இட்ட நிபந்தனை ஒன்றே: சினிமாப் பாட்டு கூடாது. எனக்குக் கேஸ்கர் நினைவு வந்தது. முதல் வெள்ளியன்று மரத்தடியில் பாதிப் பேர் செவியில் கருவியைச் செருகிக்கொண்டு அவரவர் கைப்பேசியை அவரவர் இலங்கை வானொலியாக்கிக் கொண்டார்கள்.

தேர்வுக்கு ஒரு முறை வகுத்தோம். ஐந்து துறைகளிலிருந்து ஐவர். ஒலிப்பதிவுகளுக்கு எண் மட்டும் இருக்கும். பெயரோ ஊரோ இராது. எண் இடும் வேலை என்னுடையது. ஆகையால் நான் ஐவரில் ஒருவன் அல்லன். முதல் மாதம் முப்பத்தொரு பதிவுகள் வந்தன. அவற்றில் 14ஆம் எண் என் அண்ணன் குழுவினுடையது.

14ஆம் எண் தேறவில்லை. “இது மாதிரி யூடியூபில் ஆயிரம் கிடக்குது” என்றார் வணிகவியல் மாணவி ஒருவர். “பம்பையை எதுக்குக் கீபோர்டுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்காங்க?” என்றார் தமிழ்த்துறைத் தோழர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் அண்ணன் பாட்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நண்பர்கள் இரங்கியிருப்பார்கள். அச்சொல் நாவின் நுனிவரை வந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் அவர்கள் கூறிய இரண்டு கருத்துகளையும் அப்படியே சொன்னேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “படிச்சவன்னா அண்ணனையே ஃபெயிலாக்குவியா?” என்று மூன்றாம் நாள் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் மாதம் இன்னொரு பதிவு கொடுத்தார். அதில் கீபோர்டு சுருதிக்கு மட்டும் நின்றது. பம்பை முன்னால் வந்தது. நடுவில் ஓரிடத்தில் முதிர்ந்த, நடுங்கும் குரல் ஒன்று மேலெழுந்து பாடிவிட்டு இறங்கியது. யாருடைய குரல் என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் 9 என்று எண் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். ஐவரும் ஒருமனதாக எடுத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டு ஒலித்தபோது வாயிற்காவலர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குழாயின் அடியில் நின்றார். பாலக்கோடு பக்கத்து மாணவர் ஒருவர் வந்து, “எங்க ஊருப் பண்டிகைக்கு இவங்க வருவாங்களா?” என்று கேட்டு எண் வாங்கிக்கொண்டு போனார். அவர் என்னைக் குழுவினரின் தம்பி என்று அறியமாட்டார்.

போன மாதம் அந்த ஊர்த் துண்டறிக்கை வந்தது. இளஞ்சிவப்புத் தாள். இரவு சரியாக 10 மணிக்கு என்ற வரிக்கு அடுத்து, அண்ணன் குழுவின் பெயருக்கு முன்னால் ‘அரசு கலைக் கல்லூரி ரேடியோ புகழ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அண்ணா, அது ரேடியோ இல்லை. வெறும் குழாய். இதை எடுக்கச் சொல்லு” என்றேன்.

“ஏன்டா, ஊருல குழாய் கட்டுனா ரேடியோ செட்டு கட்டியிருக்குதுன்னுதான சொல்றோம்? இதுல என்ன பொய்யி?” என்றார் அண்ணன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா அந்தத் தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டவும் கிட்டவும் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். “படி” என்றார். படித்தேன். “இன்னொருக்கா படி” என்றார்.